வெள்ளை மானில் நல்ல சாப்பாடு

தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் அப்துல் ஜப்பாரின் ஜட்காவில் ஏறுவார்கள். மீதிப் பாதிப் பேரும் அதில் ஏறத்தான் பார்ப்பார்கள், இடம் இருக்காது. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் தேயிலைத் தோட்டத்துத் துரைமார், ரயில்வே துரைமார், பாளையங்கோட்டைக் கோர்ட்டுக் கச்சேரித் துரைமார் எல்லோருக்கும் குற்றாலத்தில் உடம்பை நனைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு நனைந்ததும் தொண்டையை நனைத்துக்கொள்ள வேண்டும். முதலாவதற்கு அருவி. இரண்டாவதற்கு 'வெள்ளை மான்'.

ஜப்பாருக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். யுத்தத்தின்போது பஸ்ராவுக்குப் போய்ப் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளை மேய்த்துவிட்டு, சம்பளத்தோடு கொஞ்சம் இங்கிலீஷும் கொண்டுவந்தவர். அந்த இங்கிலீஷில் முக்கால்வாசி கழுதைக்குச் சொல்ல வேண்டியது. மீதியை வைத்துக்கொண்டு துரைமாரிடம் இரண்டே வாக்கியம் பேசுவார். ஏறும்போது, "முன்னால தள்ளி உட்காருங்க, சார்." ஊருக்குத் திரும்பும்போது, "சாப்பாடு எப்படி, சார்?"

முதல் வாக்கியம் குதிரைக்காக. இரண்டு சக்கர வண்டியில் பின்பாரம் ஏறினால் குதிரையைப் பூட்டிய ஏர்க்கால் மேலே தூக்கிக்கொண்டு குதிரையின் வயிற்றை இழுக்கும். இரண்டாவது வாக்கியம் வெள்ளை மானில் சமையல் செய்த சுடலைக்கண்ணுவுக்காக.

ஐந்தருவிக்குப் போகும் ரோட்டில், மாந்தோப்புக்குள் சற்று உள்ளடங்கி நின்றது அந்தக் கடை. செங்கோட்டை மலைப்பாதையில் ரயில் ஓட்டிய வில்காக்ஸ் துரை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சீமைக்குத் திரும்பாமல், சீமையில் தன் கிராமத்திலிருந்த சாராயக்கடையை இங்கே கட்டிவிட்டார். ஞாபகத்திலிருந்தே கட்டினார். ஞாபகம் கொஞ்சம் குள்ளமாக இருந்திருக்க வேண்டும். உள்ளே நுழையும் எல்லோருக்கும் விட்டம் நெற்றியில் இடித்தது. குளிர்காய்வதற்குச் சுவரில் ஒரு கணப்பு அடுப்பு வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்ட கொத்தனார், அது எதற்கென்று விளங்காமல், இட்லிக் கொப்பரை வைக்கிற அளவில் ஒன்றைக் கட்டி, மேலே விளக்கு மாடமும் வைத்துக் கொடுத்தார். பெயர்ப்பலகை மானை எழுதியவர் தென்காசியில் தேருக்கு வர்ணம் பூசுகிறவர். அந்த மானுக்கு மை தீட்டிய கண்ணும் கழுத்தில் முத்துமாலையும் உண்டு.

உள்ளே காலடி வைத்ததும், "என் ஊருக்கே வந்துவிட்டேன்" என்று கண்கலங்கிய துரை உண்டு. "என் ஊரைக் கேலி செய்ய எவனோ கட்டியிருக்கிறான்" என்று குதித்த துரையும் உண்டு. இருவரும் உட்கார்ந்திருந்தது ஒரே மேஜை.

விட்டத்தையும் மானையும் பற்றி ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போகட்டும். சுடலைக்கண்ணுவுக்குக் கவலையெல்லாம் சாப்பாட்டைப் பற்றியதுதான். ஏனென்றால் அவருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது.

ஒரு சாரல் காலத்தில் அவர் பெண்சாதி முருகம்மாள் வாந்திபேதியில் போனாள். காலையில் கண்டது, விளக்கு வைக்கும் நேரத்தில் முடிந்தது. வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னபோது சுடலைக்கண்ணு ஒரு மேஜைக்குக் கட்லெட் பொரித்துக்கொண்டிருந்தார். சேதியைக் கேட்டுக்கொண்டு, சட்டியில் கிடந்ததைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார், இல்லாவிட்டால் கருகிவிடும். காரியத்தன்று இலையில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். நனைந்த காகிதத்தை மெல்வதுபோல இருந்தது. உப்பு இல்லை, புளி இல்லை, உறைப்பு இல்லை. அழுகையும் வரவில்லை. நாக்கில் தொடங்கிய மரப்பு மெதுவாக உள்ளே இறங்கி, நெஞ்சுக்குள் பாயை விரித்துப் படுத்துக்கொண்டது. அதற்கப்புறம் பசித்தால் சாப்பிட்டார். இருட்டினால் படுத்தார்.

ருசி தெரியாத சமையல்காரன் என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். கைப்பழக்கத்தில் உப்பு அள்ளிப் போட்டார். போட்டது சரியா என்று சொல்வதற்கு ஊருக்குத் திரும்பும் துரைமாரின் வாயை விட்டால் வேறு வழியில்லை. அந்த வாயைக் கிளறுகிற வேலை ஜப்பாருக்கு. விஷயம் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான்.

முருகம்மாளுக்குப் பிறகு வில்காக்ஸ் துரை போனார்.

மலையாட்டம் உடம்பு அவருக்கு. அவர் ஜட்காவில் ஏறினால் குதிரையின் முன்னங்கால் அந்தரத்தில் நிற்கும். ஒருமுறை மேலகரம் வரைக்கும் குதிரை பின்னங்காலாலேயே நடந்து போனதாக ஜப்பார் சொல்லுவார். குதிரை இதுவரை மறுத்ததில்லை. கணப்புப் பக்கத்தில் தோல் வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு, வாயில் சுருட்டும் கையில் ஈயக் குவளையுமாக நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். தனக்குப் பிடித்த ஆள் வந்தால் எதிரே உட்காரவைத்து, முதல் குவளைக்குக் காசு வாங்கமாட்டார். கடை மூடும் நேரத்தில் ஸ்டேஷன் பித்தளை மணி ஒன்றை ஆட்டுவார். அந்த மணி அடித்தால் யார் வாயில் என்ன இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். கடைசி ஆளை வண்டியேற்றும்போது தானும் கூட ஏறி, ஸ்டேஷன் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வருவார்.

செத்ததும் அந்த நாற்காலியில்தான். எதிரே இருந்த ஒரு துரை தான் சிறுத்தை சுட்ட கதையை முழுக்கச் சொல்லி முடித்து, இத்தனை மரியாதையாகக் கதை கேட்கிற மனிதரைத் தான் பார்த்ததே இல்லை என்று எழுந்து கை கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

பதினாறாம் நாள், துரையின் மனைவி பாளையங்கோட்டைச் சர்ச்சுக்குப் போயிருந்த சமயம், சுடலைக்கண்ணு யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். உப்பிட்டவரைச் சும்மா அனுப்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை. நாற்காலிக்கு முன்னால் வாழையிலை போட்டு, ஆட்டுக்கறி, ரொட்டி, ஊறுகாய், சுருட்டு, குவளை நிறையப் பீர் எல்லாம் படைத்தார். துரையைப் பேர் சொல்லிச் சாப்பிட வரும்படி கூப்பிட்டார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கதவை மூன்று தரம் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். தட்டுகிற சத்தம் கேட்டால் அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதுதான் வழக்கம். முருகம்மாளுக்கும் அப்படித்தான் படைத்தார். வந்தாள், சாப்பிட்டாள், தட்டியதும் போய்விட்டாள். ஒழுங்கான பொம்பளை.

இங்கேயும் தட்டினார்.

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்ததுபோல.

கதவைத் திறந்தார். யாரும் இல்லை. தோல் மெத்தையின் நடுவில் மட்டும் பெரிய குழி.

தன் தவறு அவருக்கு அப்போது தெரியவில்லை. வெகுநாள் கழித்து, மழையில் வடகம் நனைந்துகொண்டிருப்பதைப் பார்த்தபடி நின்ற ஒரு மத்தியானம் தானாகத் தெரிந்தது. கதவைத் தட்டினால் விருந்தாளி எழுந்து போவான். கூப்பிட்டது விருந்தாளியை அல்ல, கடைக்காரரை. கடைக்காரருக்குக் கதவு தட்டும் சத்தம் என்றால் வாடிக்கை வந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் ஏன் எழுந்து போகிறார்?

அன்றிலிருந்து சாப்பாட்டைப் பற்றி இரண்டு விதமான பேச்சு வந்தது.

"அண்ணாச்சி, என்ன வே சமையல் பண்ணுதிய?" என்று ஜப்பார் வந்து தலையைச் சொறிவார். "ஒருத்தன் உங்க கறிய வாயில வச்சா காகிதம் மாதிரி இருக்குங்கான். பீரு கழனித்தண்ணியாம். இன்னொருத்தன், பிறந்ததுலேருந்து இப்படிச் சாப்பிட்டதில்லைங்கான். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டிதானே?"

"ஒரே சட்டிதான் வே."

"அப்பம் எவன் சொல்லுதது நிசம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு நாக்கு இருந்தா ஒன்ன ஏன் கேக்கேன்?"

மூன்று சாரல் கழிந்து ஒரு பகல். வெளியே மாந்தோப்பு முழுக்கத் தூறல். உள்ளே ஈர மரவாசனையும் சுருட்டு வாசனையும். பகலிலேயே விளக்கு ஏற்றியிருந்தது. மூன்று பேர் ஒரு மேஜையில் இருந்தார்கள்: வயதான ரயில்வே என்ஜினியர், பாளையங்கோட்டை வக்கீல், மலையில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு சின்னத் தோட்டத்துத் துரை. சுடலைக்கண்ணு கறியைப் பரிமாறிவிட்டு, வழக்கம்போல் சுவர் ஓரமாக நின்றார். இங்கிலீஷ் அவருக்குப் புரியும். புரிகிறது என்று காட்டிக்கொள்வதில்லை.

"தண்ணீரில் வேகவைத்த தண்ணீர்" என்றார் வக்கீல், கரண்டியை வைத்துவிட்டு.

"எனக்கும் அப்படித்தான்" என்றார் என்ஜினியர். "வில்காக்ஸ் இருந்தபோது இங்கே சாப்பாடு சாப்பாடாக இருந்தது."

சின்னத் துரை தலை நிமிரவில்லை. தட்டைத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தான். "உங்கள் இரண்டு பேருக்கும் என்ன கேடு? என் அம்மா வைத்ததுபோலவே இருக்கிறது."

"உன் அம்மா என்னத்தை வைத்தாள், பாவம்."

மூவரும் சிரித்தார்கள். சின்னத் துரை ரொட்டியால் கணப்புப் பக்கம் சுட்டிக்காட்டினான். "வேண்டுமானால் இவரையே கேளுங்கள். நான் வந்ததிலிருந்து எனக்குக் காசில்லாமல் ஊற்றிக்கொடுப்பவர் இவர்தான்."

மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எவரை?" என்றார் வக்கீல்.

"கடைக்காரரை."

வக்கீல் நாற்காலியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

சுடலைக்கண்ணு நாற்காலியைப் பார்த்தார். மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது. அதன் கைப்பிடியில் வட்டமாக ஈரம். குவளையை இப்போதுதான் எடுத்ததுபோல.

பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பயம் வரவில்லை. அந்த ஈரத்தைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடியும் வட்டம் விழுந்தது.

மறுநாள் காலை ஐந்தருவியில் சின்னத் துரை பாறையில் வழுக்கி விழுந்து செத்தான். முழங்கால் அளவு தண்ணீர் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முகத்தில் வயிறு நிறைந்த களை இருந்ததாம். அவனை ஸ்டேஷனுக்கு ஏற்றிச் சென்றது ஜப்பாரின் வண்டிதான்.

திரும்பி வந்த ஜப்பார் குதிரையை அவிழ்க்காமலேயே சமையலறை வாசலில் குந்தினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கப்படாது."

"நான் சிரிச்சி எத்தன நாளாச்சி. சொல்லு."

"சாப்பாடு நல்லாருக்குன்னு எங்கிட்டச் சொன்னவன் ஒருத்தனும் ரெண்டாந்தரம் எம் வண்டியில ஏறல. ஆரியங்காவு குகைகிட்ட ரயில்லேருந்து விழுந்தானே அந்தச் சர்வே துரை, அவன் சொன்னான். காய்ச்சல்ல போனானே சிவத்த மீசை, அவன் சொன்னான். பஸ்ஸுல அடிபட்டவனும் சொன்னான். நல்லால்லன்னு கரிச்சுக் கொட்டுனவம்லாம் வருசா வருசம் வந்து கரிச்சுக் கொட்டுதான். ஒருத்தனுக்குத் தலைவலிகூட இல்ல."

சுடலைக்கண்ணு சாணை பிடித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்பம் நல்லாருக்குன்னு சொன்னதும் சாவுதானா?"

"சாவப்போறவனுக்குத்தான் நல்லாருக்கோ என்னவோ. எனக்குத் தெரியல அண்ணாச்சி. நான் இனிமே யாரையும் கேக்க மாட்டேன்."

ஆனாலும் கேட்டார். பழக்கம் போகவில்லை.

அந்த வாரமே சுடலைக்கண்ணு கதவை வெளியிலிருந்து மூன்று தரம் தட்டிப் பார்த்தார். உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. சாயங்காலமும் தட்டினார். உள்ளே, மேஜையில் குவளையை இரண்டு தரம் இடிக்கும் சத்தம் கேட்டது. வில்காக்ஸ் துரை பரிமாற ஆளைக் கூப்பிடுவது அப்படித்தான். கதவைத் தட்டிய கை நின்றது. கால், அதன் பாட்டுக்கு, பரிமாற இரண்டு எட்டு உள்ளே போய்விட்டது. பழகிய கால்.

இனி அவருக்குக் காப்பாற்ற ஒரே ஆள்தான் இருந்தாள்: துரைசானி.

டோரா வில்காக்ஸ் மதுரை ரயில்வே காலனியில் பிறந்தவள். இங்கிலீஷில் ஜெபம் பண்ணுவாள், தமிழில் திட்டுவாள். முருகம்மாள் செத்த அன்று, கட்லெட் கருகினாலும் பரவாயில்லை என்று கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, தன் சால்வையை அவர் தோளில் போர்த்தி வீட்டுக்கு அனுப்பியவள் அவள்தான். நாற்காலி இருந்த அறைக்கு அவள் வருவதே இல்லை. அந்த மணியையும், சத்தம் கேட்டால் தாங்காது என்று, டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். சுடலைக்கண்ணு அவள் சாப்பாட்டை நாற்காலிக்குப் பக்கம் கொண்டுபோகாமல் கொல்லை வழியாக, மழையில் வாழையிலையால் மூடி, சுற்றிக்கொண்டு எடுத்துச் செல்லலானார்.

"என்ன சுடலை இது, சூப்பா, குடம் கழுவின தண்ணியா?" என்பாள். "உப்பைக் கண்ணுல காட்டுனியா இல்லையா?"

"நாளைக்குச் சரி பண்ணுதேம்மா."

"தினம் இதையேதான் சொல்ற. வயசாச்சுப்பா உனக்கு. வேற ஆளைப் பாக்கணும் போல."

அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பும்போது சுடலைக்கண்ணுவின் நடையில் ஒரு நிம்மதி இருக்கும். இன்றைக்கும் உப்பில்லை. இன்றைக்கும் இருக்கிறாள். வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போட்டார். அவள் வாய் ஓயக்கூடாது என்பது மட்டும்தான் அவருக்கு அந்த நாட்களில் வேண்டியிருந்தது. மரத்துப்போன நெஞ்சுக்கு அது ஒன்றுதான் பிடிமானம்.

ஆடிக் காற்று ஊளையிட்ட ஒரு பகல். ஒரு வாடிக்கையும் இல்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகப் போனார். அவள் அறை காலியாக இருந்தது.

உள்ளே சுருட்டு வாசனை.

ஓடினார். கணப்புக்கு எதிரே, நாற்காலிக்கு நேர் எதிரே, துரைசானி உட்கார்ந்திருந்தாள். அடுப்பங்கரையில் ஆறிக்கொண்டிருந்த கறியைத் தானே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தட்டு பாதி காலியாக இருந்தது.

"இன்னிக்கு எங்க கல்யாண நாள்" என்றாள். "அதான் இங்க வந்து உக்காந்தேன்."

"அம்மா, எந்திரிங்க."

"நல்லாருக்கு, சுடலை."

காற்று நின்றுவிட்டது.

"ரொம்ப நல்லாருக்கு."

சுடலைக்கண்ணு தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தார். "உப்பு இல்லன்னு சொல்லுங்கம்மா. ஒரு தடவ சொல்லுங்க. வாயில வைக்க முடியலன்னு சொல்லுங்க. நான் வேணும்னுதான் உப்பக் கொறச்சிப் போட்டேன்."

"என்னய்யா இது? திட்டினாலும் மூஞ்சைத் தூக்குற, நல்லாருக்குன்னாலும் தூக்குற." அவள் சிரித்தாள். பல வருஷம் கழித்துச் சிரிக்கிறவளின் சிரிப்பு அது. எதிர் நாற்காலியைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, மீதியையும் சாப்பிட்டு முடித்தாள். பிறகு கொஞ்சம் கண்ணயர்வதாகச் சொல்லிப் படுக்கப் போனாள்.

எழுந்திருக்கவில்லை.

மதுரையிலிருந்து அவள் தம்பி வந்தான். அடக்கம் முடிந்தது. கடையை விற்கும்வரை பூட்டி வைத்து, சாவியை ஜப்பார் மூலம் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சேர்த்துவிடும்படி சுடலைக்கண்ணுவிடம் சொல்லிவிட்டுப் போனான். சுடலைக்கண்ணு எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தார். இருந்த அரிசியில் ஒரு பிடி போட்டுக் கஞ்சி வைத்தார். மூன்று பச்சை மிளகாயைச் சுட்டு, உப்பும் புளியும் வைத்துத் துவையல் அரைத்தார். ருசிக்காக அல்ல; கஞ்சி என்றால் துவையல். சமையலறையிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலி இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஒரு வாய் குடித்தார்.

உப்பு.

தப்பாகத் தோன்றுகிறதென்று நினைத்தார். துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தார். உறைத்தது. சுட்ட மிளகாயின் கரி வாசனை மூக்கில் ஏறியது. புளி பல்லைக் கூசவைத்தது. முருகம்மாள் அரைப்பதுபோலவே இருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. மிளகாயால்தான் என்று முதலில் நினைத்தார். சட்டி காலியாகும்வரை கையும் நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

நாளைக்குப் புளிக்குழம்பு வைக்க வேண்டும் என்று தோன்றியது. நாளைக்கு என்று அவர் நினைத்தே ரொம்ப நாளாகியிருந்தது.

அப்புறம்தான் விளங்கியது.

அடுத்த அறையில் மேஜைமேல் குவளை இடித்தது. ஒரு தரம். இரண்டு தரம்.

சுடலைக்கண்ணுவுக்கு இத்தனை நாள் வராத பயமெல்லாம் வட்டியோடு வந்து சேர்ந்தது. சாகக் கூடாது என்று நினைத்தார். புளிக்குழம்பு வைக்க வேண்டும். அதில் கத்தரிக்காய் போட வேண்டும்.

தட்டினால் போகமாட்டார். கடைக்காரர் எதற்குத்தான் எழுந்திருப்பார்?

மணிக்கு.

துரைசானியின் தம்பி திறந்து போட்டுப் போன டிரங்குப் பெட்டியிலிருந்து பித்தளை மணியை எடுத்தார். அறை வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வில்காக்ஸ் துரை ஆட்டுவதுபோலவே ஆட்டினார்.

மணியோசை ஓய்ந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது. கண்ணைத் திறந்தார். அமுங்கிக் கிடந்த தோல் மெத்தை பெருமூச்சு விடுவதுபோல மெதுவாக மேலே எழும்பி, குழி மறைந்து, சமமாக நின்றது. சுருட்டு வாசனை கலைந்தது. அறை வெறும் அறையாகிவிட்டது. ஈர மரம். பழைய சுவர். முத்துமாலை போட்ட மான் மட்டும் வெளியே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சுடலைக்கண்ணு கதவைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். வாசலில் ஜப்பார் வண்டியோடு காத்திருந்தார்.

"ஏறுங்க அண்ணாச்சி. மேலகரத்துல எறக்கி விட்டுட்டு நான் ஸ்டேஷன் போறேன்." மூட்டையை வாங்கி வைத்துவிட்டு, வாய் தவறிக் கேட்டுவிட்டார். "கடைசிச் சாப்பாடு எப்படி?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சுடலைக்கண்ணு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "உப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல வே. கழனித்தண்ணி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஜப்பார் நெஞ்சில் கைவைத்தார். முகம் மலர்ந்து சாட்டையைச் சொடுக்கினார்.

வண்டி மாந்தோப்பைத் தாண்டியது. தூறல் கன்னத்தில் பட்டுக் குளிர்ந்தது. குளிர்வது சுடலைக்கண்ணுவுக்குத் தெரிந்தது. ஈரமண் வாசனை, குதிரை வாசனை, எங்கோ பழுத்த பலா வாசனை, எல்லாம் தெரிந்தன. நாக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ரோடு வளையும் இடத்தில் காற்று ஒருதரம் திசை மாறியது.

சுருட்டு வாசனை.

கடைசி ஆளை வழியனுப்ப யாரோ கூட ஏறியதுபோல, வண்டியின் பின்பக்கம் முனகிக்கொண்டு கீழே இறங்கியது. ஏர்க்கால் மேலே கிளம்பியது. குதிரை கனைத்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க" என்றார் ஜப்பார், திரும்பிப் பாராமலேயே, எல்லோரிடமும் சொல்லும் அதே குரலில். "பின்னால பாரம் இழுக்கு."

சுடலைக்கண்ணு ஏற்கெனவே ஜப்பாரின் முதுகோடு முதுகாக ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் தள்ளி உட்கார இடம் இல்லை. பின்பக்கம் பார்க்காமல் இருக்கக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

குதிரையின் முன்னங்கால்கள் தரையை விட்டுக் கிளம்பின.